இமைக்காத தாத்தா

அனிமேஷன் படிக்க வருகிறவர்களுக்கு முதல் பருவம் முழுக்கச் சொல்லித்தருவது உயிரூட்டும் வேலைதான். பந்து தரையில் விழுந்து நசுங்கி எழும்ப வேண்டும். முகமே இல்லாத மாவு மூட்டை ஒன்று, குனிந்த மாத்திரத்தில் சோகமாகத் தெரிய வேண்டும். ஒரே ஓவியத்தைத் திரையில் கொஞ்ச நேரம் அசையாமல் நிறுத்தினால் பாத்திரம் செத்துவிடும், அதனால் தோளையோ முடி நுனியையோ மெல்ல நகர்த்திக்கொண்டே இருங்கள் என்பார் ஆசிரியர். மூவிங் ஹோல்ட் என்று அதற்குப் பெயர். இப்படிப் பழகிய கைகளை வைத்துக்கொண்டுதான் நாங்கள் நாலு பேர், இறந்தவர்களின் உலகத்தைப் பற்றி நாலு நிமிட டிப்ளமோ படம் எடுக்கப் புறப்பட்டோம். திரையில் இருப்பவர் இறந்தவர் என்று பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும். படம் மட்டும் சாகக் கூடாது. இந்த ஒரு சிக்கலை அவிழ்ப்பதிலேயே படத்தின் பெரும்பகுதி வேலை போனது. இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்ததில் பாதி அங்கே கற்றதுதான்.

கதை ஆதிச்சநல்லூரிலிருந்து வந்தது. தூத்துக்குடி மாவட்டத்தில், ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கத்தில், தாமிரபரணியின் தென்கரையில் இருக்கிறது அந்தப் பழைய இடுகாட்டுப் பரம்பு. 1876-இல் பெர்லினிலிருந்து வந்த ஜாகோர் முதலில் தோண்டினார். அதற்குப் பிறகு 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ தோண்டி எடுத்தவை ஏராளம்: முதுமக்கள் தாழிகள், இரும்பு ஆயுதங்கள், வெண்கலப் பொருட்கள், நெற்றியில் கட்டுவதற்கு இரு முனையிலும் துளையிட்ட தங்கப் பட்டங்கள், கலயங்களில் ஒட்டியிருந்த உமி. இறந்தவரோடு அவருக்கு வேண்டிய சாமான்களையும் சேர்த்து மண்ணுக்குள் இறக்கியிருக்கிறார்கள். போகிற இடத்திலும் ஒரு வாழ்க்கை இருக்கிறது என்ற நம்பிக்கை இல்லாமல் ஒருவருக்கு அரிவாளும் நெல்லும் கொடுத்து அனுப்ப மாட்டார்கள். அந்த இடம் எப்படி இருக்கும் என்று எந்த ஏடும் நமக்கு வரைந்து காட்டவில்லை. வரைகிறவனுக்கு அதைவிட நல்ல செய்தி இல்லை.

புறநானூற்றின் 256-ஆம் பாட்டில் ஒரு பெண், தாழி செய்யும் குயவரிடம் தனக்கும் இடமிருக்கும்படி அகலமாக வனையச் சொல்கிறாள். எங்கள் குழுவில் இயக்குநர் பொறுப்பில் இருந்த தோழி அந்தப் பாட்டைத் தலைகீழாகத் திருப்பினாள். தாழி செய்கிற கிழவரே இறந்துபோகிறார். அவர் கையால் செய்த தாழியிலேயே அவரை வைக்கிறார்கள். மூடி விழுவதற்குள் பேத்தி உள்ளே இறங்கிவிடுகிறாள். உள்ளே தாத்தா இன்னும் பானை தட்டிக்கொண்டிருக்கிறார். கதை அவ்வளவுதான். வசனம் கிடையாது.

அந்தக் காலத்தில் இறந்தவர் உலகம் என்று யார் படம் எடுத்தாலும் ஒரே வார்ப்பாக இருந்தது. மெக்சிகோவின் இறந்தோர் நாளை வைத்து அமெரிக்காவின் ரிங்லிங் கல்லூரி மாணவிகள் மூவர் எடுத்த குறும்படம் 2013-இல் மாணவர் அகாடமி விருது வாங்கியது. 2017-இல் பிக்ஸாரின் ‘கோகோ’ வந்தது. இரண்டும் அருமையான படங்கள். ஆனால் அவற்றைப் பார்த்த கையோடு நம் பிள்ளைகள் வரைந்த ஸ்டோரிபோர்டுகளிலெல்லாம் பூப்போட்ட மண்டையோடுகளும் செவ்வந்திப் பாலங்களும் முளைத்தன. மாசி மாத மயானக் கொள்ளையில் நம் ஊரிலும் மண்டையோடு உண்டு, ஆனால் அது அங்காளம்மனின் உக்கிரத்தைச் சேர்ந்தது. வீட்டுப் பெரியவர் இறந்துவிட்டால் நாம் அவரை எலும்புக்கூடாக நினைப்பதில்லை. அதே வேட்டி, அதே வெற்றிலைக் கறை பல்லோடுதான் கனவிலும் வருவார். எங்கள் தாத்தாவும் தோற்றத்தில் ஒரு துளியும் மாறக் கூடாது என்று முதல் வாரத்திலேயே முடிவெடுத்தோம்.

எமன் வேண்டும் என்று ஒரு பேச்சு எழுந்தது. எனக்கு உடன்பாடில்லை. 1980-இல் வந்த ‘எமனுக்கு எமன்’ தொடங்கி கவுண்டமணி எமனாக வந்த ‘லக்கி மேன்’ வரை, கிரீடம் வைத்த எமனைப் பார்த்தாலே தமிழ்ப் பார்வையாளர் சிரிப்பதற்குத் தயாராகிவிடுவார். அந்தச் சிரிப்பில் எனக்குக் குறையில்லை, இந்தப் படத்தில் மட்டும் அதற்கு இடமில்லை. ஆதிச்சநல்லூர் வெண்கலங்களில் எருமை உருவங்கள் உண்டு, அகன்று வளைந்த கொம்புகளோடு. ஏறி அமர ஆளில்லாத வெண்கல எருமை ஒன்று தாழிக்குள் நடமாடட்டும் என்று வைத்தோம். எமனைக் காட்டாமலே அவர் வந்து போகும் இடம் அது என்று தெரிந்துவிடும்.

அந்த நாட்களில் என்னை ஆட்டிவைத்த படம் ஈஷு படேலின் ‘ஆஃப்டர்லைஃப்’. குஜராத்தில் பிறந்து அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் படித்து, கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்தில் வேலை பார்த்தவர் அவர். 1978-இல் கண்ணாடிமேல் களிமண் போன்ற பிளாஸ்டிசினை மெல்லியதாக அப்பி, கீழிருந்து ஒளி விட்டு, அதை விரலால் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் படம் பிடித்தார். மண் தடித்த இடம் இருள், மெலிந்த இடம் ஒளி. இறந்தவனின் உலகம் ஒரு பொருளின் இயல்பிலிருந்தே பிறக்க முடியும் என்பதை அதில்தான் பார்த்தேன். எங்களுக்கும் பொருள் கைவசம் இருந்தது. தாழிகளோடு கிடைக்கும் சிறு கலயங்களில் பல கறுப்பு-சிவப்பு வகை: வெளியே சிவப்பு, உள்ளும் வாய் விளிம்பும் கறுப்பு. வெளியுலகத்துக்கு அந்தச் சிவப்பையும் தாழிக்குள்ளே அந்தக் கறுப்பையும் எடுத்துக்கொண்டோம். வண்ணத் தட்டு ஒரு மாலையில் முடிந்தது.

லேஅவுட் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. தாழியின் அடி குவிந்தது, சுவர் வளைந்தது. அதற்குள் தொடுவானம் கிடையாது. தொடுவானம் இல்லாத இடத்தில் யார் நிற்கிறார்கள், யார் மிதக்கிறார்கள் என்று கண்ணுக்குப் பிடிபடாது. வெளிச்சம் மேலே வாய்வழியாக மட்டும் இறங்கும் என்று வைத்து, அது விழும் வட்டத்தைத் தரையாகக் கொண்டோம். பேத்திக்கு அந்த வட்டத்தில் நிழல் விழும், தாத்தாவுக்கு விழாது. நிழலை எடுத்த உடனே அவர் தரையிலிருந்து ஒரு விரற்கடை உயர்ந்துவிட்டார். கால் வரைந்த ஓவியத்தை நாங்கள் தொடவே இல்லை.

இறந்தவரைப் பிரித்துக் காட்டும் விதிகளை நாங்களாகக் கண்டுபிடிக்கவில்லை. நளன் கதையில் தமயந்தியின் சுயம்வரத்துக்குத் தேவர்கள் நளன் உருவிலேயே வந்து உட்காருகிறார்கள். முகம் ஒன்று, உடை ஒன்று. தமயந்தி அசைவையும் எடையையும் பார்த்துப் பிரிக்கிறாள்: கண் இமைக்கிறவன், கால் தரையில் படுகிறவன், மாலை வாடுகிறவன் நளன். உருவம் ஒன்றாகவே இருக்க, வேறு உலகத்தவர் என்று எதைக் கொண்டு காட்டுவது என்ற எங்கள் கேள்விக்கு அவள் எப்போதோ விடை சொல்லியிருக்கிறாள். மேசைக்கு மேலே ஒரு காகிதம் ஒட்டி அதில் எழுதினோம்: தாத்தா இமைக்க மாட்டார். நிழல் இல்லை. எடை இல்லை. அவர் செய்யும் வேலைக்குச் சத்தம் இல்லை.

அதில் ஐந்தாவதாகச் சேர்ந்த விதிதான் படத்தை நடத்தியது. சினிமா நொடிக்கு 24 பிரேம். கையால் வரைகிறவர்கள் ஒவ்வொரு ஓவியத்தையும் இரண்டு பிரேமுக்குப் பிடித்து நிறுத்துவார்கள், அதாவது நொடிக்கு 12 ஓவியம். ‘ஆன் டூஸ்’ என்பது தொழிற்பேச்சு. பேத்தியை அப்படி வரைந்தோம். தாத்தாவை ‘ஆன் ஃபோர்ஸ்’ வைத்தோம், நொடிக்கு ஆறே ஓவியம். பேத்தியின் கோடு லேசாகக் கொதிக்கும்: ஒரே நிலையை மூன்று முறை மேலே வைத்து வரைந்து சுழலவிட்டால் அவள் சும்மா நிற்கும்போதும் கோடு துடித்துக்கொண்டிருக்கும். தாத்தாவின் கோடு துடிக்காது. வெண்கல எருமையை மட்டும் ‘ஆன் ஒன்ஸ்’, நொடிக்கு 24. உலோகம் நசுங்காது, நீளாது. அந்த விறைப்போடு வழவழவென்று நடக்கும் ஒன்று, பிற இருவரின் பக்கத்தில் எந்த உலகத்தையும் சேராததாகத் தெரிந்தது. நாலு கால் நடையை 24-இல் வரைவது எலும்பை முறிக்கிற வேலை. எருமை வரும் ஷாட்களைக் குறைத்துக்கொண்டோமே தவிர, அந்த விதியை விடவில்லை.

ஃபோர்ஸில் வரைந்த பாத்திரத்தோடு கேமராவைப் பக்கவாட்டில் நகர்த்தினால் பின்னணி வழுக்கும், உருவம் வெட்டி வெட்டி இழுபடும். ஆகையால் தாழிக்குள் கேமரா அசையாது என்றானது. கட்டாயத்தால் வந்த அந்த அசையாமை படத்துக்கு ஒரு மரியாதையைக் கொடுத்தது. துக்க வீட்டில் யாரும் குறுக்கும் நெடுக்கும் ஓடுவதில்லை.

குயவரைப் பார்க்கப் போனது இந்தக் கட்டத்தில்தான். தாமிரபரணிக் கரையோர ஊர் ஒன்றில், கோயில் குதிரையும் செய்து, அந்தக் கோயிலில் பூசையும் பார்க்கிற வேளார் ஒருவர். பெரிய பானையை அவர் ஒரே மூச்சில் எழுப்புவதில்லை. அடிப்பாகம் கொஞ்சம் இறுகக் காத்திருந்து, பிறகு மேலே மண் சேர்க்கிறார். “அடி காயாம மேல ஏத்துனா உக்காந்துரும் தம்பி” என்றார். உள்ளே இடது கையில் உருண்டைக் கல், வெளியே வலது கையில் மரக்கட்டை. இரண்டுக்கும் நடுவில் மண்சுவர். வெளியிலிருந்து விழும் ஒவ்வொரு அடிக்கும் உள்ளே கல் சரியாக அதே இடத்தில் எதிர்கொள்ள வேண்டும், ஆனால் உள்கை எங்கே இருக்கிறது என்று அவர் கண்ணுக்குத் தெரியாது. அடித்த சத்தத்தைக் கேட்டே சுவர் எங்கே தடிப்பு, எங்கே மெலிவு என்று சொன்னார். ஈரமாக இருக்கையில் சத்தம் மொத்தென்று விழுகிறது, மண் இறுக இறுகக் கணீரென்று ஏறுகிறது. மணிக்கட்டு சுழல்வதையும், முழங்கை விலாவோடு ஒட்டியே இருப்பதையும் நானும் தோழியும் மாறிமாறி வரைந்தோம். பக்கத்துத் திண்ணையில் ஒரு மண்குதிரை நின்றது. உடல் முழுக்க வண்ணம் பூசியிருந்தது, கண் மட்டும் வெறுமையாக. அதைக் கடைசியில், பூசை போட்டுத்தான் திறப்பாராம்.

திரும்பி வரும் பஸ்ஸில் தோழி சொன்னாள்: தாத்தா படத்தில் ஒரு தடவை இமைக்கட்டும்.

அந்த ஒரு இமைப்புக்கு முன்னால் கை விஷயத்தைச் சொல்ல வேண்டும். தாழிக்குள் பேத்தி தாத்தாவைக் கண்டதும் ஓடிப்போய்க் கையைப் பிடிக்கிறாள். அவள் டூஸ், அவர் ஃபோர்ஸ். அவர் கை நாலு பிரேம் நின்ற இடத்தில் நிற்க, அதற்குள் அவள் கை இரண்டு முறை நகர்ந்துவிடும். திரையில் பிடி நழுவுவது போலவே இருந்தது. வழக்கமான வழி, பிடித்திருக்கும் நேரம் வரை இருவரையும் ஒரே கணக்குக்குக் கொண்டுவருவது. அப்படிச் செய்தால் தாத்தா உயிர் பெற்றுவிடுவார், கதை அங்கேயே முடிந்துவிடும். எந்த ஓவியம் எத்தனை பிரேம் நிற்கும் என்று எழுதும் எக்ஸ்போஷர் ஷீட்டை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். கடைசியில் பேத்தியின் கையை மணிக்கட்டோடு தனி லேயராகப் பிரித்துத் தாத்தாவின் கணக்கில் போட்டோம். உடம்பு டூஸிலேயே இருந்தது. மணிக்கட்டில் தெரிகிற ஒட்டை ஒரு வளையலால் மறைத்தோம். பிடி உறுதியானது.

அதை ஓட்டிப் பார்த்தபோது எல்லோருக்கும் உள்ளூர ஒரு திடுக்கு. கை அவளுடையது, காலம் அவருடையது. அங்கிருந்துதான் படத்தின் நடுப்பகுதி வந்தது. ஸ்கிரிப்டில் அது இல்லை. அவள் கையை விடாமல் பிடித்திருக்கப் பிடித்திருக்க, ஃபோர்ஸ் மணிக்கட்டைத் தாண்டி முழங்கைக்கு ஏறுகிறது, பிறகு தோளுக்கு. கொதித்துக்கொண்டிருந்த கோடு ஒவ்வொரு பகுதியாக அடங்குகிறது. நிறம் மாறவில்லை, முகம் மாறவில்லை, பயமுறுத்தும் இசை எதுவும் இல்லை. வண்ணம் தீட்டாத பென்சில் நிலையில் இதைக் குழுவில் ஒருவனின் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினோம். அனிமேஷன் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. தோளுக்கு ஏறிய இடத்தில், “ஐயோ, புள்ளைக்குக் கை மரத்துப்போச்சே, யாராவது இழுங்கடா” என்றார். அதற்குப் பிறகு அந்த ஷாட்டில் யாரும் கை வைக்கவில்லை.

தாத்தா இமைப்பது அப்போதுதான். பேத்தியின் இமைப்புகள் சாதாரணமானவை: பாதி இமை இரண்டு பிரேம், மூடிய கண் இரண்டு, மறுபடி பாதி இரண்டு, கால் நொடியில் முடிந்துவிடும். தாத்தாவுக்கு ஷீட்டில் இப்படி எழுதினோம்: பாதி இமை நாலு பிரேம், மூடிய கண் எட்டு, திறக்கும்போது பாதி இமை இரண்டே பிரேம். இறந்தவராகக் கண்ணை மூடி, உயிருள்ளவராகத் திறக்கிறார். திறந்ததும் அவர் கோடும் கொதிக்கத் தொடங்குகிறது. புருவம் ஒரு மயிரிழை உயர்ந்து அமர்கிறது. பேத்தி யாரென்று அவருக்குத் தெரிந்துவிட்டது. மூடிய கண்ணுக்கான எட்டுப் பிரேமை ஆறாக்கிப் பார்த்தோம், வெறும் சிமிட்டலாகப் போனது. பத்தாக்கினோம், தூங்கிவிட்டார். எட்டில்தான் அவர் எங்கிருந்தோ திரும்பி வந்தார். ஒரு நொடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு கூடினாலும் குறைந்தாலும் மனிதர் மாறிவிடுகிறார். இந்தத் தொழிலின் மேல் எனக்கு இருக்கிற பக்திக்கு இதுதான் காரணம்.

சத்தமும் அங்கே வருகிறது. அதுவரை தாத்தா கட்டையை ஓங்கி ஓங்கிப் பானையில் அடிக்கிறார், ஒலி கிடையாது. பேத்தியின் மூச்சும் மண் உதிர்வதும் மட்டும். அந்த மூச்சை ஒரு பெரிய குலுக்கைக்குள் மைக்கை இறக்கிப் பதிந்தோம். வாய் குறுகிய மண்பாத்திரத்துக்குள் தாழ்ந்த சுருதிகள் தடித்து நிற்கும், கணினியில் சேர்க்கும் எதிரொலி அதற்குப் பக்கத்தில் வராது. இமைத்த பிறகு அவர் விடும் அடிக்கு முதல்முறையாகச் சத்தம் கேட்கிறது. வேளார் வீட்டில் பதிந்த, இறுகிய மண்ணின் கணீர். கட்டை மண்ணைத் தொடும் பிரேமிலேயே ஒலியை வைத்தோம், ஒரு பிரேமும் முன்பின் இல்லை. ஒப்பாரி சேர்க்கலாம் என்று நல்லெண்ணத்தோடு சொன்னவர்கள் உண்டு. ஒப்பாரி வந்தால் பார்ப்பவர் பாட்டுக்கு அழுவார். அந்தக் கட்டைச் சத்தத்துக்கு அழ வேண்டும் என்பது எங்கள் ஆசை.

அதன் பிறகு தாத்தா தன் கையை விடுவித்துக்கொள்கிறார். பேத்தியை எருமை முதுகில் ஏற்றுகிறார். அது வாயை நோக்கி வளைந்த சுவரில் ஏறுகிறது. இதற்கு மேல் படத்தை எப்படி முடிப்பது என்பதில் எனக்கும் தோழிக்கும் வழக்கு. கையை விட்ட உடனே தாத்தா ஃபோர்ஸுக்குத் திரும்பிவிட வேண்டும் என்றேன் நான். விதி என்று ஒன்று வைத்தால் அது யாருக்காகவும் வளையக் கூடாது, வளையாததால்தான் அவர் பேத்தியை அனுப்புகிறார். அவளோ, பேத்தி கண்ணிலிருந்து மறைகிற வரைக்கும் அவர் டூஸில் இருக்கட்டும், போகிற பிள்ளையைப் பார்த்துக்கொண்டு நிற்கிற நேரத்தையாவது கொடு என்றாள். இயக்குநர் அவள், அவள் சொன்னபடியே படம் முடிந்தது. திரையிட்ட இடங்களிலெல்லாம் அந்த ஷாட்டில் அரங்கம் அடங்கிப்போவதைப் பார்த்திருக்கிறேன். அவள் இப்போது வேறு ஊரில் ஒரு ஸ்டூடியோவில் இருக்கிறாள். போனில் பேசினால் இன்றும் அந்த ஷாட்டில் வந்து நிற்போம். அவர் திரும்பியிருக்க வேண்டும் என்றுதான் நான் இன்னும் சொல்கிறேன்.